பழுப்பேறாத துணுக்கு

"இந்த ரூம்ல எதையும் தொடாதே. தும்மாதே. முடிஞ்சா மூச்சுகூட விடாதே," என்றாள் சித்தி.

"பேசலாமா?"

"அதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்."

வாய்க்கால் தன் உதட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். அவனுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவளே சித்திதான். வாயைத் திறந்தால் ஓட்டம் நிற்காது, அடைக்க மடையும் கிடையாது என்பாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைத் தோண்டியெடுத்துப் பேர் வாங்கிய சித்தி, ஒருநாள் வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். அம்மாவின் தங்கையாயிற்றே, மேஜை நாற்காலி தூக்கிப்போட ஒத்தாசை செய்துவிட்டு வருவோம் என்று போனவன்தான். இப்போது அவனுக்குக் கல்யாணமாகி, முன்தலையில் முடியும் கொட்டத் தொடங்கிவிட்டது. இன்னும் வீடு திரும்பியபாடில்லை.

அறை முழுக்க மெழுகும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை. எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே ஸ்லைடுக் கண்ணாடியைப் பார்க்கும்படியான மைக்ராஸ்கோப் நடுவில் இருந்தது. அந்தப் பக்கம் லேப் டாக்டர். இந்தப் பக்கம் சித்தி.

கேஸ் இதுதான். ஒரு கணக்கு டீச்சர். மூன்று வருஷத்துக்கு முன் இடையிடையே ரத்தப்போக்கு என்று ஒரு கிளினிக்குக்குப் போனார். கர்ப்பப்பை வாயிலிருந்து அரிசி அளவு சதையைக் கிள்ளி எடுத்து ஒரு லேபுக்கு அனுப்பினார்கள். ஒன்றுமில்லை, நிம்மதியாகப் போங்கள் என்று ரிப்போர்ட் வந்தது. நிம்மதியாகத்தான் போனார். இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். புற்று அடிவயிற்றைத் தாண்டி ஈரல் வரைக்கும் போய்விட்டது. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று சொல்லிவிட்டார்கள். கப்பலில் மெக்கானிக்காக இருக்கும் அவருடைய கணவர், அந்த லேப்தான் கோட்டைவிட்டது, கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்று சித்தியிடம் வந்தார். டீச்சர் கேட்டதன் பேரில், அந்தப் பழைய சதைத் துணுக்கை மெழுகில் பதித்தபடியே லேப் எடுத்துக் கொடுத்தது. சித்தி அதை வேறு லேபில் கொடுத்துப் புதிதாகச் சீவிச் சாயம் போடச் சொல்லியிருந்தாள். அந்தச் சாயம்தான் இன்றைக்குப் பேசப் போகிறது.

"முதல்ல இதைப் பாருங்க. டீச்சரோட இப்போதைய கட்டி," என்று டாக்டர் ஒரு கண்ணாடியை நகர்த்தினார்.

சித்தி பார்த்தாள். பிறகு வாய்க்காலையும் பார்க்கச் சொன்னாள். உள்ளே டீ டிகாக்ஷனைக் கவிழ்த்தது மாதிரி எங்கும் பழுப்பு.

"பி-16னு ஒரு புரதம்," என்றார் டாக்டர். "செல் கண்டபடி பெருகாம இருக்க உள்ளே ஒரு பிரேக் உண்டு. வைரஸ் புகுந்து பிரேக் கம்பியை அறுத்துடுது. செல்லுக்கு அது தெரியாது. பிரேக்கை மிதிக்குது. வண்டி நிக்கலை. இன்னும் மிதிக்குது. அந்த மிதிதான் இந்தப் புரதம். வீணா மிதிச்சு மிதிச்சே குவிஞ்சுடும். சாயம் போட்டா பழுப்பாத் தெரியும்."

"எங்க சித்தி கார்லயும் இதே வியாதிதான் டாக்டர். நானும் மிதிச்சுக்கிட்டேதான்..."

"டேய்."

வாய்க்கால் மீண்டும் விரலை உதட்டுக்குக் கொண்டுபோனான்.

"புற்றா மாறுறதுக்கு முன்னாடியே இந்தப் பழுப்பு வந்துடும். அதுதான் இதோட அருமை. தோலோட அடியிலிருந்து மேல் வரைக்கும் பட்டையா ஏறியிருக்கும். கூடவே கி-67னு இன்னொரு புரதம். எந்தச் செல் பெருகிக்கிட்டிருக்குன்னு அது காட்டிக்கொடுத்துடும். ரெண்டும் சேர்ந்து மேலே வரைக்கும் ஏறியிருந்தா, இன்னும் புற்று இல்லை, ஆனா புற்றுக்குப் போற வழியில இருக்குன்னு அர்த்தம். அந்தக் கட்டத்துல பிடிச்சா சின்னச் சிகிச்சை. காலையில வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்." டாக்டர் அடுத்த கண்ணாடியை வைத்தார். "இது மூணு வருஷத்துக்கு முந்தின துணுக்கு."

சித்தி நீண்ட நேரம் பார்த்தாள். வாய்க்காலும் எட்டிப் பார்த்தான். நீலம். துவைத்துக் காயப்போட்ட நீலம். பொட்டுப் பழுப்பு கிடையாது.

"சாயம் சரியா ஏறலையோ என்னவோ?" என்றாள் சித்தி.

"அதே கண்ணாடியோட ஓரத்துல வேற ஒருத்தரோட நோய்த் துணுக்கையும் சேர்த்து வெச்சுத்தான் சாயம் போடுவோம். அது பழுப்பா ஏறியிருக்கு பாருங்க. சாயம் சரி. பழைய லேப் சொன்னதும் சரி. இந்தத் துணுக்குல ஒரு கோளாறும் இல்லை."

வாய்க்காலுக்கு ஏமாற்றமாக இருந்தது. "அப்போ கேஸ் படுத்துடுச்சு."

"இருங்க. ஒண்ணு உறுத்துது," என்ற டாக்டர் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே தள்ளினார். "தோலுக்கு அடியில பாருங்க. கொழுக்கட்டை மாதிரி ஊதின செல்கள். பார்த்ததும் புற்றோன்னு பயம் வரும். அதனாலதான் அந்த லேப்காரங்களும் அப்பவே பி-16 போட்டு உறுதி பண்ணியிருக்காங்க, ரிப்போர்ட்ல கோளாறு இல்லைன்னு மட்டும் எழுதிட்டு விட்டுட்டாங்க. இது புற்று இல்லை. கர்ப்பம். வயித்துல குழந்தை இருந்தா மட்டும்தான் இங்கே சதை இப்படி ஊதும்."

சித்தி மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

"டீச்சர் அப்போ முழுகாம இருந்தாங்களா?" என்றாள் சித்தி.

"இந்தத் துணுக்கு யாரோடதோ, அவங்க இருந்திருக்காங்க," என்றார் டாக்டர்.

*

மாடிப்படியில் இறங்கும்போது வாய்க்காலால் அடக்க முடியவில்லை.

"சித்தி, அந்த வருஷம் முழுக்க மெக்கானிக் கப்பல்ல இருந்தார். அவரே சொன்னார்ல? ரிப்போர்ட் வந்ததைக்கூட போன்லதான் கேட்டேன்னு."

"சொன்னார்."

"அப்போ..."

"அப்போ?"

"இதை எந்த முகத்தோட அவர்கிட்ட போய்ச் சொல்றது? சாகப்போற பொண்டாட்டி பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மனுஷன்."

சித்தி படியிலேயே நின்றாள். "முழுகாம இருந்தது யாரு, அவரா? நீ ஏன்டா அவர்கிட்ட ஓடுறே? பொம்பளை விஷயத்தைப் பொம்பளைகிட்ட கேட்கணும்னு உங்க அம்மா சொல்லிக் கொடுக்கலையா?"

"எங்க அம்மா உங்ககூடச் சேராதேன்னுதான் சொல்லிக் கொடுத்தா."

சித்தி சிரிக்கவில்லை. வழக்கமாக மூக்கு நுனியாவது அசையும்.

*

வார்டில் டீச்சரின் கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்தது. போர்வைக்கு அடியில் ஆள் இருக்கிற அடையாளமே வயிற்று வீக்கம் மட்டும்தான். முகம் சுருங்கிக் கண்கள் பெரிதாகியிருந்தன. மெக்கானிக் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். சித்தி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"டீச்சர், அந்தத் துணுக்கை எடுத்தப்போ நீங்க முழுகாம இருந்தீங்களா?"

வாய்க்கால் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடுவது மாதிரி திரும்பிக்கொண்டான். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் வலித்தது. வலித்ததும் இன்னும் சிரிப்பு வந்தது.

"சின்னவ பிறந்த கையோட குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியாச்சு மேடம். இப்போ அவ ஹைஸ்கூல். இந்தக் கதை அவர் காதுல விழுந்திருந்தா கப்பலையே திருப்பியிருப்பார்..."

பாதியில் சிரிப்பு நின்றது. பெரிய கண்கள் சித்தியின் முகத்தில் நிலைத்தன. கரும்பலகையில் யாரோ தப்பாகப் போட்ட கணக்கைப் பார்க்கிற பார்வை.

"அப்போ அது என்னுது இல்லை."

"இல்லை," என்றாள் சித்தி.

"ரெண்டு பேர் பேப்பர் மாறிப்போச்சுன்னா, ரெண்டு பேர் மார்க்கும் தப்பு. அவளுக்கு வர வேண்டிய நல்ல ரிப்போர்ட் எனக்கு வந்துடுச்சு." டீச்சர் மூச்சு வாங்கினார். "என்னுது எங்கே போச்சு?"

வாய்க்கால் ஜன்னலிலிருந்து திரும்பினான். இத்தனை நேரமும் அவன் அந்தப் பக்கத்தை யோசிக்கவே இல்லை.

"அவ வயித்துல குழந்தை வேற," என்றார் டீச்சர். "எனக்கு இனிமே நடக்கிறதுக்கு ஒண்ணுமில்லை. கேஸ் கீஸெல்லாம் அவர் ஆசைக்கு. நீங்க அவளைக் கண்டுபிடிங்க. என்னோட ரிப்போர்ட்டை வெச்சுக்கிட்டு அவளை என்ன பண்ணினாங்கன்னு பாருங்க. அவர்கிட்ட இப்போ எதுவும் சொல்ல வேண்டாம்."

*

டீச்சர் அன்று போன கிளினிக்கின் வரவேற்பறையில் சித்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நோயாளியாக உட்கார்ந்தாள். வாய்க்கால் கவலைப்படுகிற அக்கா மகனாக ரிசப்ஷன் மேஜையின்மேல் சாய்ந்தான். இதற்கு நடிப்பே தேவைப்படவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ரிசப்ஷன் அம்மாவுக்குப் பேச ஆள் கிடைக்காத பசி. ஐந்தே நிமிஷத்தில் அவருடைய மருமகளின் சமையல்வரைக்கும் தெரிந்துகொண்டான்.

உள்ளறையிலிருந்து நர்ஸ் ஒரு தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். தட்டில் மூடிபோட்ட சின்னச் சின்ன பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்றில் ஊறும் சதைத் துணுக்கு. எதன்மேலும் பெயர் இல்லை.

"இதெல்லாம் எது யாருதுன்னு எப்படிம்மா தெரியும்?" என்றான் வாய்க்கால்.

"உள்ளே போன வரிசையிலதானே வெளியே வரும்? கூட்டம் குறைஞ்சதும் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டிடுவேன்," என்றார் அந்த அம்மா. சொல்லிக்கொண்டே, போன் அடித்ததும் தட்டைக் கையால் ஒதுக்கினார். பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இடம் மாறி நின்றன.

வாய்க்கால் அதைப் பார்த்தான். சித்தியும் பார்த்திருந்தாள். எந்த வில்லனைத் தேடி ஓடிவந்தார்களோ, அவன் அவ்வளவுதான். ஒரு ஸ்டிக்கர். ஒரு போன் மணி.

சித்தி எழுந்து, சுவரில் இருந்த ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் போய் முடியை ஒதுக்கிக்கொண்டாள். கண்ணாடியின் மேல்பக்கம் எழுத்துச் செதுக்கியிருந்தது. 'என் உயிரைத் திருப்பித் தந்த டாக்டருக்கு.' கீழ்மூலையில் ஒரு கண்ணாடிக் கடையின் சின்ன முத்திரை.

"எவ்வளவு பெரிய கண்ணாடி!" என்றாள். "யார் குடுத்தது?"

"அதையேன் கேக்குறீங்க!" ரிசப்ஷன் அம்மா போனை வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "கண்ணாடிக் கடைக்கார அம்மா. மூணு வருஷம் இருக்கும். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழிச்சு உண்டாகி நாலு மாசம். சின்ன ரத்தக்கசிவுன்னு வந்தா. டாக்டர் கிள்ளி எடுத்து அனுப்பினார். புற்றுக்கு முந்தின கட்டம், ரொம்ப முத்திப்போச்சுன்னு வந்துடுச்சு. பிரசவம் வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாமான்னு டாக்டருக்கே ரெண்டு மனசு. வீட்டுக்காரர்தான் எனக்கு இவ போதும், குழந்தை வேண்டாம்னு கதறிட்டார். எல்லாத்தையும் எடுத்தாங்க. கர்ப்பப்பையோட."

சித்தி கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை. "இப்போ நல்லா இருக்காங்களா?"

"இருக்கணும். இதைக் கொண்டுவந்து மாட்டினதோட சரி, அப்புறம் இந்த வாசப்படி மிதிக்கலை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு வரணும்னு டாக்டர் தலையால அடிச்சுக்கிட்டார். நானும் போன் பண்ணி ஓய்ஞ்சுட்டேன்."

காரில் ஏறியதும் வாய்க்கால் சாவியைத் திருப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"டீச்சரோட பழுப்பை இவங்க தலையில கட்டிட்டாங்க," என்றான். "இவங்களுக்கு ஒண்ணுமே இல்லை சித்தி. ஒண்ணுமே இல்லாததுக்கு..."

"தெரியும்டா."

"அதுக்கு நன்றி சொல்லிக் கண்ணாடி வேற."

"அந்தக் கண்ணாடியைத்தான் யோசிக்கிறேன்," என்றாள் சித்தி. "புற்றிலிருந்து பிழைச்சவ செக்கப்பை விடுவாளா?"

"பயமா இருந்திருக்கும்."

"பயம் இருக்கிறவதான் ஆறு மாசம் எப்போ வரும்னு முதல் ஆளா வந்து நிப்பா. கொஞ்சம்கூடப் பயமே இல்லாதவதான் வரமாட்டா. வண்டியை எடு."

*

கடை சின்னது. மூன்று பக்கச் சுவரிலும் சாய்த்துவைத்த கண்ணாடிகளில், உள்ளே நுழைந்தவர்கள் பலராகப் பெருகினார்கள். நடுவில் கம்பளி விரித்த மேஜை. ஒரு பெண் குனிந்து கண்ணாடியின்மேல் வெட்டுக்கருவியை ஒரே இழுப்பாக இழுத்தாள். கிரீச் என்று ஒரு கோடு. ஓரத்தில் லேசாகத் தட்டினாள். பிசிறில்லாமல் இரண்டாகப் பிரிந்தது.

"என்ன அளவு வேணும்?" என்றாள், நிமிராமலே.

"எனக்கு முன்தலையை மறைக்கிற மாதிரி ஒரு கண்ணாடி இருந்தா தேவலை," என்றான் வாய்க்கால். பழக்கதோஷம்.

அவள் நிமிர்ந்து சிரித்தாள். நல்ல சிரிப்பு. நாற்பதை நெருங்கும் முகத்தில் அது இளமையாக இருந்தது. அதற்கப்புறம் அந்தக் கடையில் அவன் ஜோக் அடிக்கவில்லை.

சித்தி தான் யார் என்று சொன்னாள். கிளினிக்கில் கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னாள். அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கை வெட்டுக்கருவியை மெதுவாகக் கீழே வைத்தது.

"டாக்டர் கடவுள் மாதிரி," என்றாள். "எல்லாத்தையும் சுத்தமா எடுத்துட்டார். எடுத்ததை லேப்ல அலசிப் பார்த்தாங்க. ஒரு பொட்டுகூட மிச்சம் இல்லையாம். முதல்ல கிள்ளி எடுத்ததோடயே மொத்தமும் வந்துடுச்சு போல, உங்களுக்கு அதிர்ஷ்டம்னு சொன்னார்."

"அதிர்ஷ்டம்," என்றாள் சித்தி.

"ஆமா."

"அன்னிக்கே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்லையாம்மா?"

வெளியே ஒரு லாரி போனது. சாய்த்துவைத்த கண்ணாடிகள் எல்லாம் சன்னமாக அதிர்ந்து அடங்கின. அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் போய்க் கடையின் முன்கதவைச் சாத்தினாள்.

"ரொம்ப முத்திப்போச்சுன்னு சொன்ன வியாதி அரிசி அளவு கிள்ளினதுல எப்படிங்க மொத்தமும் வந்துடும்?" என்றாள், கதவைப் பார்த்தபடியே. குரலில் அழுகை இல்லை. "நான் கண்ணாடி வெட்டுறவ. மூலையில கீறல் இருந்தா மூலையை மட்டும் வெட்டி எறிவேன். மூலையோட போகிற கீறலுக்குப் பலகையையே உடைச்சுட்டாங்களேன்னு ஆஸ்பத்திரிக் கட்டில்லேயே தோணுச்சு. எங்கேயோ தப்பு நடந்திருக்குன்னு புரிஞ்சுது. அப்போ வீட்டுக்காரர் உள்ளே வந்தார். ஒரு பொட்டுகூட இல்லையாம்னு சின்னப்பிள்ளை மாதிரி அழுதுக்கிட்டே சிரிக்கிறார். வேண்டாம்னு சொன்னது அவர். கையெழுத்துப் போட்டது அவர். குழந்தையைக் குடுத்து என்னை வாங்கிட்டதா நினைச்சுக்கிட்டிருக்கார். அவர்கிட்ட போய் என்னன்னு சொல்ல?"

"அதனாலதான் அந்தக் கண்ணாடி."

"அவர் கண்ணால பார்க்கணும்னுதான் அவரையே தூக்கிட்டு வரச்சொல்லி மாட்டினேன். நான் நன்றி சொன்னா அவர் நம்புவார்ல." அவள் திரும்பினாள். "இப்போ எதுக்கு வந்திருக்கீங்க? மூணு வருஷம் ஆச்சு. எனக்கு எந்தக் கேஸும் வேண்டாம்."

சித்தி பதில் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வார்த்தை வரவில்லை. வாய்க்கால் தன் வாழ்நாளில் அதை முதல் தடவையாகப் பார்த்தான். ஆகவே அவன் சொன்னான்.

"அக்கா, உங்களுக்கு இல்லாதது உங்க ரிப்போர்ட்ல இருந்ததுன்னா, அது வேற ஒருத்தங்களோடது."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சுற்றியிருந்த கண்ணாடிகளில் அத்தனை பேரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

"யாரு?"

"ஒரு டீச்சர்."

"இருக்காங்களா?"

"இருக்காங்க. இன்னும் கொஞ்ச நாளைக்கு."

"நான் அன்னிக்கே வாயைத் திறந்திருந்தா?"

வாய்க்கால் சித்தியைப் பார்த்தான். சித்தி தரையைப் பார்த்தாள். லேப் டாக்டர் சொன்னது இருவர் காதிலும் ஒலித்துக்கொண்டிருந்தது. காலையில் வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்.

"தெரியலைக்கா," என்றான் வாய்க்கால்.

"பொய் சொல்றீங்க," என்றாள் அவள். "ஏதோ தப்புன்னு மட்டும்தான் நினைச்சேன். அந்தத் தப்போட மறுபாதி ஒரு பொம்பளை உடம்புல உட்கார்ந்திருக்கும்னு தோணவே இல்லை. என் பிள்ளையையும் என் புருஷனையும் தவிர வேற யாரும் இந்தக் கதையில இருக்கிறதாவே எனக்குத் தோணலை."

சாத்திய கதவு திறந்தது. அட்டை சுற்றிய கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு மனிதர் பக்கவாட்டில் நுழைந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "என்னம்மா, பட்டப்பகல்ல கதவைச் சாத்திட்டே? மயக்கம் கியக்கம் இல்லையே? உடம்பு நல்லாத்தானே இருக்கு?" கண்ணாடியைக்கூடக் கீழே வைக்காமல் அவள் முகத்தைத் தேடினார்.

"நல்லாத்தான் இருக்கேன்," என்றாள். முதலில் பார்த்த அந்த நல்ல சிரிப்பு திரும்பவும் அவள் முகத்துக்கு வந்தது. "வெளியே தூசி. இவங்க கஸ்டமர். அளவு சரியாத் தெரியலையாம். போயிட்டு அப்புறம் வராங்களாம்."

*

டீச்சருக்கு மதியத்திலிருந்து ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். மெக்கானிக் வெளியே வராந்தாவில், நர்ஸ் கொடுத்த பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே சித்தி எல்லாவற்றையும் சொன்னாள். மெழுகாமல், பூசாமல். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"குழந்தை எத்தனை மாசம்?"

"நாலு."

"பையனா பொண்ணா?"

"கேட்கலை."

டீச்சர் தலையசைத்தார், கேட்காததுதான் சரி என்பதுபோல. மூடிய கண்ணோரம் ஈரம் இறங்கியது. அது யாருக்காக என்று வாய்க்காலால் சொல்ல முடியவில்லை.

"கேஸ் போட்டா என்ன ஆகும்?"

"அந்தத் துணுக்கு உங்களுது இல்லைன்னு சுலபமா நிரூபிச்சுடலாம்," என்றாள் சித்தி. "ஆனா கோர்ட்ல அடுத்த கேள்வியே, அப்போ யாரோடதுன்னுதான் வரும். அவங்க பேர் வெளியே வரும். அவங்க வீட்டுக்காரருக்குத் தெரியும்."

"அப்போ வேண்டாம்."

"டீச்சர்..."

"நான் எப்படியும் போறேன் மேடம். அவ வீட்டுக்காரராவது சந்தோஷமா இருக்கட்டும்." மூச்சு வாங்கி ஓய்ந்தபின் மீண்டும் பேசினார். "கிளினிக்ல மட்டும் ஒண்ணு சொல்லுங்க. பாட்டில் உள்ளே போறதுக்கு முன்னாடியே ஸ்டிக்கரை ஒட்டச் சொல்லுங்க. ஒட்டறவரைக்கும் நீங்க அங்கேயே நில்லுங்க."

"நிக்கிறேன்."

"இவர்கிட்ட ஆதாரம் கிடைக்கலைன்னு சொல்லிடுங்க. நிஜம் தெரிஞ்சா, ஏன் அன்னிக்கே வாயைத் திறக்கலைன்னு கேட்க நேரா அந்தக் கடைக்குப் போயிடுவார். அவருக்குக் கோபம் தாங்காது."

சித்தி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வெளியே போய்ச் சொல்கிற வேலை வாய்க்கால் தலையில் விழுந்தது. பேசுவதுதானே அவன் தொழில்.

மெக்கானிக் டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் பக்கத்தில் போய் நின்றான். ஆதாரம் கிடைக்கவில்லை, அந்தத் துணுக்கில் எந்தக் கோளாறும் இல்லையாம், கேஸ் நிற்காது என்று ஒரே மூச்சில் சொல்லிமுடித்தான். அவர் கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தான். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"அப்போ லேப் சொன்னது சரிதானா?"

வாய்க்கால் கழுவிவைத்த பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினான்.

"அப்போ அவளுக்கு நிஜமாவே ஒண்ணுமில்லை. அப்புறம்தான் வந்திருக்கு." மெக்கானிக் டம்ளரைப் பார்த்தபடியே பேசினார். "போன வருஷம் திரும்பவும் ரத்தம் போகுதுன்னு போன்ல சொன்னா தம்பி. நான்தான், முன்னாடி பார்த்தப்போ சுத்தமாத்தானே இருந்துச்சு, சும்மா பயப்படாதேன்னேன். நான் வந்ததும் சேர்ந்து போகலாம்னேன். நான் வர எட்டு மாசம் ஆச்சு. லேப் பண்ணின தப்புன்னு நினைச்சுத்தான் இத்தனை நாள் தூங்கினேன்."

"சார், உங்க மேல ஒரு தப்பும் இல்லை." வாய்க்காலின் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "சத்தியமா. லேப் ரிப்போர்ட் அவங்களுக்குத் தப்பாத்தான் வந்தது. நோய் அப்பவே இருந்துச்சு. நீங்க காரணம் இல்லை."

அவர் நிமிர்ந்தார். கண்ணில் ஒரு கணம் ஏதோ வெளிச்சம். "எப்படித் தெரியும்? இப்பத்தானே ஆதாரம் இல்லைன்னீங்க?"

ஒரு வார்த்தை போதும். கண்ணாடி என்று ஆரம்பித்தால் போதும், மிச்சம் தானாக வந்துவிடும். வாய்க்கால் வாயைத் திறந்தான். திறந்த வாயோடு நின்றான்.

மெக்கானிக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அவன் தோளில் ஈரக்கையை வைத்து மெல்லத் தட்டினார்.

"ஆறுதலுக்குச் சொல்றீங்க தம்பி. புரியுது. நல்ல மனசு உங்களுக்கு."

டம்ளரில் வெந்நீர் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்தியபடி, அவர் மனைவியிடம் உள்ளே போனார்.